பிரெத்ஸ்லாவா என்னும் பெயர்: தோற்றமும் பொருளும்

வைகறை எழுதியது:

அவையோருக்கு வணக்கம். பெலாரூஸ் நாட்டின் வீதெப்ஸ்க் நகரில் மருத்துவம் படித்த நாள்களில், ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தொலைவிலுள்ள பொலத்ஸ்க்குக்கு ஒரு விடுமுறையின்போது போயிருந்தேன். அங்குள்ள பெண் துறவியர் மடத்தில் 12ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்ட மீட்பர் தேவாலயம் இன்றும் நிற்கிறது. சுவரின் கனத்துக்குள்ளேயே மேலேறும் படிக்கட்டில் தோளைச் சற்றுத் திருப்பிக்கொண்டுதான் ஏற வேண்டியிருந்தது; மேலே போனால், ஒருவர் முழந்தாளிட்டாலே நிறைந்துவிடும் போன்ற ஒரு சிற்றறை. மடத்தை நிறுவிய புனித எஃப்ரொசீனியா அவ்வறையில்தான் இருந்தார் என்றும், துறவு பூணுவதற்கு முன் அவர் பெயர் பிரெத்ஸ்லாவா என்றும் உடன் வந்தவர்கள் சொன்னார்கள்.

இப்போது அந்தப் பயணத்தைக் கட்டுரையாக எழுத உட்கார்ந்தபோது பெயரிலேயே நின்றுவிட்டேன். பெயர் விளக்கம் தரும் தளங்களில் ஒன்று ‘புகழுக்கு முன்னவள்’ என்கிறது, மற்றொன்று ‘முதற்புகழ் பெற்றவள்’ என்கிறது, இன்னொன்று ‘மிகுபுகழாள்’ என்கிறது. அந்நாட்டில் ஆறாண்டு இருந்தும் இப்பெயருடைய ஒரு பெண்ணைக்கூட நான் சந்தித்ததில்லை. பெயர் எங்கிருந்து வந்தது, அதன் சரியான பொருள் என்ன, ஏன் இவ்வளவு அரிதாயிற்று என்று அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாவேன்.

ஏட்டுச்சுவடி எழுதியது:

வைகறை அவர்களுக்கு வணக்கம். பெயரை நீங்கள் ‘த்’ இட்டு எழுதியது சரியானது. ஸ்லாவிய மொழிகளில் இவ்வொலி பல்லைத் தொட்டே பிறக்கிறது; ஆங்கிலத்தின் வழியாகப் படிப்பவர்கள் ‘பிரெட்ஸ்லாவா’ என்று எழுதிவிடுவார்கள்.

பெயரில் இரண்டு உறுப்புகள் உள்ளன. முன்னது ‘பிரெத்’, அதாவது ‘முன்’. பின்னது ‘ஸ்லாவா’, அதாவது ‘புகழ்’. முன்னுறுப்புக்கு இரண்டு வடிவங்கள் உண்டு. தெற்கு ஸ்லாவியத்திலும் அதை ஒட்டிய திருச்சபை மொழியிலும் ‘பிரெத்’ என ஓரசையாக நிற்பது, கிழக்கு ஸ்லாவியர் வாயில் ‘பெரெத்’ என ஈரசையாக விரியும். ஆகவே பழைய நாளாகமங்களில், அதாவது ஆண்டு வரிசையில் எழுதப்பட்ட வரலாற்றேடுகளில், பிரெத்ஸ்லாவா, பெரெத்ஸ்லாவா என்ற இரு வடிவங்களையும் காணலாம். இரண்டும் ஒரே பெயர்தான். ‘மிகுபுகழாள்’ என்ற விளக்கத்தை மட்டும் இப்போதே தள்ளிவிடுங்கள். காரணத்தைக் கேட்டால் சொல்கிறேன்.

கடம்பவனம் எழுதியது:

ஐயா, நானே கேட்டுவிடுகிறேன். பல்கேரியாவில் பிரெஸ்லாவா என்ற பெயர் இன்றும் பெண்களுக்கு வழங்குகிறது. செர்பிய ஆண்களிடையே பிரெத்ராக் என்ற பெயர் மிகச் சாதாரணம், அதற்கு ‘மிக அன்புக்குரியவன்’ என்று பொருள் சொல்கிறார்கள். அப்படியானால் ‘பிரெத்’ என்பதற்கு ‘மிக’ என்பதுதானே பொருளாக இருக்க வேண்டும்?

ஏட்டுச்சுவடி எழுதியது:

சொல்லை எங்கே பிரிக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. செர்பியப் பெயரைப் பிரெ + த்ராக் என்று பிரிக்க வேண்டும். தகரம் ‘அன்பு’ என்னும் பின்னுறுப்புக்கு உரியது. ‘பிரெ’ என்பது மிகுதியைக் குறிக்கும் வேறொரு முன்னொட்டு. பல்கேரியப் பெயரும் அவ்வாறே பிரெ + ஸ்லாவா, அதாவது ‘மிகுபுகழ்’. 893இல் சிமியோன் அரசர் காலத்தில் பல்கேரியத் தலைநகரான பிரெஸ்லாவ் நகரின் பெயரும் அக்குடும்பத்தைச் சேர்ந்தது. நம் பெயரிலோ தகரத்துக்குப் பின் ‘ஸ்லாவா’ முழுதாக நிற்பதால் அந்தத் தகரத்தைப் பின்னுறுப்போடு சேர்க்க வழியில்லை. தளங்களில் எழுதுவோர் ஒரு தகரத்தை விழுங்கிவிட்டு இரண்டு பெயர்களை ஒன்றாக்கிவிடுகிறார்கள்.

மூன்றாவதாக ஒரு பெயரும் இந்தக் குழப்பத்தில் சேரும். கீவுக்குத் தெற்கே பெரெயாஸ்லாவ் என்ற நகர் இருக்கிறது. 992இல் தோல் பதனிடும் இளைஞன் ஒருவன் பெச்செனேகு என்னும் நாடோடி இனத்து மல்லனை வென்று ‘புகழைப் பறித்துக்கொண்ட’ இடம் ஆகையால் அப்பெயர் வந்தது என்று கீவின் பழைய நாளாகமம் கதை சொல்கிறது. ஆனால் அதே நாளாகமம் 907ஆம் ஆண்டுக் குறிப்பிலேயே அந்த ஊரின் பெயரைச் சொல்லிவிடுகிறது! பெயரைப் பார்த்துக் கதை கட்டும் வழக்கம் நமக்கு மட்டும் உரியதன்று. போலந்தின் மசோவியப் பகுதி இளவரசரை மணந்த கலீத்சிய இளவரசி ஒருத்திக்குப் பெரெயாஸ்லாவா என்றே பெயர் இருந்தது. அவளையும் நம் பிரெத்ஸ்லாவாவோடு சேர்த்து எண்ணக்கூடாது.

மணல்மேடு எழுதியது:

பிரிப்பு எனக்கு உடன்பாடுதான். ஆனால் அடிப்படையான ஐயம் ஒன்று உண்டு. பழைய ஸ்லாவியப் பெயர் என்று சொல்லப்படும் சில பெயர்கள் பிற்காலக் கவிஞர்களின் கற்பனை. இன்று உலகெங்கும் தெரிந்த ஸ்வெத்லானா என்ற பெயர் 1802இல் வஸ்தோக்கவ் எழுதிய கவிதையில் தோன்றி, 1813இல் வெளிவந்த ழுக்கோவ்ஸ்கியின் கதைப்பாட்டால் பரவிய ஒன்று. அதற்கு முன் அப்படியொரு பெயரைத் தாங்கிய பெண்கள் இருந்ததற்குச் சான்றில்லை. பிரெத்ஸ்லாவாவும் அவ்வகைச் சரக்கு அல்ல என்பதற்கு ஆவணம் வேண்டும். புனிதரின் வாழ்க்கை வரலாறு பிற்காலப் படிகளில் கிடைப்பது, அதை மட்டும் வைத்துக்கொண்டு பேச முடியாது.

ஏட்டுச்சுவடி எழுதியது:

ஐயம் நியாயமானது, அதற்கு விடையும் உறுதியானது. கீவின் இளவரசர் ஈகர் பைசாந்தியப் பேரரசோடு 944இல் செய்துகொண்ட உடன்படிக்கையின் வாசகத்தை நாளாகமம் அடுத்த ஆண்டுக் குறிப்பில் அப்படியே பதிந்து வைத்திருக்கிறது. அதன் தொடக்கத்தில் தூதர்களின் பட்டியல் வருகிறது: ஒவ்வொரு தூதர் பெயரையும் அடுத்து, அவரை அனுப்பியவர் யார் என்பது உடைமைச் சொல்லாக நிற்கும். பட்டியலில் பெரும்பாலானவை வடபுலத்து நார்டிக் பெயர்கள். நடுவே ‘கனித்சார், பெரெத்ஸ்லாவின்’ என்று ஓர் இணை வருகிறது.

இங்கே விகுதியைக் கவனியுங்கள். ஆண் பெயரிலிருந்து உடைமைச் சொல் ஆக்கினால் அது ‘-ஸ்லாவ்ல்’ என்று முடியும். அதே பட்டியலில் விளதிஸ்லாவ் என்ற ஆணின் தூதர் அவ்வாறே குறிக்கப்பட்டிருக்கிறார். ‘-இன்’ என்ற விகுதியோ ஆகார ஈற்றுப் பெயரோடுதான் வரும். ஆகவே கனித்சாரை அனுப்பியவர் பெரெத்ஸ்லாவ் அல்லர், பெரெத்ஸ்லாவா. பத்தாம் நூற்றாண்டின் நடுவில், கான்ஸ்தாந்திநோபிளுக்குத் தனக்கெனத் தூதரை அனுப்பும் நிலையில் இருந்த ஒரு பெண்ணின் பெயர் அது. ஈகர், ஒலேக், ஓல்கா எல்லாரும் நார்டிக் பெயர்களைத் தாங்கிய காலத்தில், ஈகரின் மகன் ஸ்வியாத்தொஸ்லாவ், விளதிஸ்லாவ், பெரெத்ஸ்லாவா ஆகிய மூவரின் பெயர்கள் ஸ்லாவியமாக இருப்பது அந்தப் பட்டியலைப் படிக்கும் எவர் கண்ணிலும் படும்.

பின்னர் 980ஆம் ஆண்டுக் குறிப்பில், ஸ்வியாத்தொஸ்லாவின் மகன் விளாதிமிர் தம் மனைவி ரக்னேதாவைக் குடியமர்த்திய லீபெத் ஆற்றங்கரை இடத்தை அடையாளம் காட்டுகையில், ‘இன்று பிரெத்ஸ்லாவினோ என்ற சிற்றூர் உள்ள இடம்’ என்று எழுதுகிறார்கள். கீவ் நகரில் அப்பகுதியில் பிரெத்ஸ்லாவின்ஸ்கா என்ற தெரு இன்றும் உண்டு. 1015இல் விளாதிமிர் இறந்து, ஸ்வியாத்தபோல்க் தம் உடன்பிறந்தாரைக் கொல்லத் தொடங்கியபோது, நோவ்கொரதிலிருந்த யாரொஸ்லாவுக்கு ‘தந்தை இறந்தார், ஸ்வியாத்தபோல்க் கீவில் அமர்ந்திருக்கிறான், அவனிடம் எச்சரிக்கையாக இரு’ என்று செய்தி அனுப்பியவள் அவர் உடன்பிறந்தாள் பிரெத்ஸ்லாவா. மூன்று ஆண்டுகள் கழித்துப் போலந்தின் போலெஸ்வாஃப் கீவைக் கைப்பற்றி, யாரொஸ்லாவின் ஒன்பது சகோதரிகளுள் தாம் முன்பே விரும்பிக் கேட்ட ஒருத்தியைக் கைக்கொண்டார் என்று அக்காலத்து ஜெர்மானிய ஆயர் தியெத்மார் எழுதுகிறார். அவர் பெயர் சொல்லவில்லை. பிற்கால ருஷ்ய நாளாகமம் பெயரைச் சொல்கிறது, அது இதே பெயர்தான். 1104 ஆகஸ்ட் 21 அன்று கீவ் இளவரசரின் மகள் பெரெத்ஸ்லாவா ஹங்கேரிக்கு மணப்பெண்ணாக அனுப்பப்பட்டாள் என்பது அடுத்த பதிவு. கவிஞர்கள் கற்பித்த பெயர் இவ்வாறு நாள் கிழமையோடு பதிவாவதில்லை.

கடம்பவனம் எழுதியது:

அந்த 944ஆம் ஆண்டுப் பெண் யார்? பதினெட்டாம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் தத்தீஷெவ், ஸ்வியாத்தொஸ்லாவின் மனைவி பிரெத்ஸ்லாவா என்ற ஹங்கேரிய இளவரசி என்று எழுதியதாகப் படித்த நினைவு.

மணல்மேடு எழுதியது:

நண்பர் கடம்பவனம், அதே நாளாகமத்தின் 946ஆம் ஆண்டுக் குறிப்பையும் படியுங்கள். ஈகரைக் கொன்ற திரெவ்லியர்மேல் படை சென்றபோது, முதல் ஈட்டியை ஸ்வியாத்தொஸ்லாவ் எறிந்தார். அது அவர் ஏறியிருந்த குதிரையின் காதுகளுக்கிடையே போய் அதன் காலடியிலேயே விழுந்தது, ஏனெனில் அவர் சிறுபிள்ளை. ஈட்டியைக் குதிரைத் தலைக்கு அப்பால் எறிய வலுவில்லாத பிள்ளைக்கு, இரண்டாண்டுக்கு முன்பே தனித்தூதர் அனுப்பும் மனைவி இருந்தாளா? மேலும், ஹங்கேரியப் பெண்ணுக்கு ஸ்லாவியப் பெயர் ஏன் என்ற கேள்வியும் நிற்கிறது. அவள் ஆளும் குடும்பத்தைச் சேர்ந்தவள் என்ற அளவோடு நிறுத்திக்கொள்வதுதான் முறை. சான்றுக்கு நன்றி, ஏட்டுச்சுவடி ஐயா. என் முதல் ஐயத்தைத் திரும்பப் பெறுகிறேன்.

தாழிசை எழுதியது:

பின்னுறுப்பைப் பற்றி யாரும் நின்று பேசாததால் நான் சில சொல்கிறேன். ‘ஸ்லாவா’வைப் ‘புகழ்’ என்று ஒரே சொல்லில் கடந்துவிட்டால் அதன் சுவை போய்விடும். அது கேட்டலைக் குறிக்கும் மிகப் பழைய வேரிலிருந்து பிறந்தது. ருஷ்ய மொழியில் ‘ஸ்லோவ’ என்றால் சொல், ‘ஸ்லூக்’ என்றால் செவிப்புலன், ‘ஸ்லாவா’ என்றால் பலர் காதில் விழுந்த பெயர். கிரேக்கத்தில் இதே வேர் ‘க்ளேயொஸ்’ என்று வரும். பெரிக்ளீஸ், கிளியோபாத்ரா ஆகிய பெயர்களுக்குள் இருப்பது அதுதான். வடமொழியில் அது ‘ச்ரவஸ்’. குபேரனை வைசிரவணன் என்கிறோமே, அவன் தந்தை விச்ரவசுவின் பெயரில் அதே சொல் நிற்கிறது. ‘கேள்வி’யைச் செல்வமாக எண்ணும் நமக்கு, கேட்டலிலிருந்து புகழ் பிறப்பது வியப்பாக இராது.

ஒருவர் முந்திக்கொண்டு ‘அப்படியானால் வடமொழியிலிருந்து ஸ்லாவியர் எடுத்துக்கொண்டார்களா’ என்று கேட்பதற்கு முன் சொல்லிவிடுகிறேன்: இல்லை. மூன்றும் ஒரே மூலத்திலிருந்து தனித்தனியே வந்த உடன்பிறப்புகள். பெரிக்ளீஸ் என்ற பெயரில் ‘சுற்றிலும்’ என்ற இடச்சொல்லோடு புகழ் சேர்ந்திருப்பதைப் பாருங்கள். ‘முன்’ என்ற இடச்சொல்லோடு புகழைச் சேர்த்த பிரெத்ஸ்லாவா அமைப்பில் அதற்குப் பக்கத்து வீடு.

வைகறை எழுதியது:

இவ்வளவு விரிவாக எழுதியோர் எல்லாருக்கும் நன்றி. ஆனால் என் முதல் கேள்வி இன்னும் பாதியில் நிற்கிறது. ‘முன்’ என்பதும் ‘புகழ்’ என்பதும் புரிந்தன, சேர்ந்தால் என்ன? தமிழிலேயே ‘முன்’ என்றால் ‘முன்னோர்’ என்பதில் காலம், ‘முன்னிற்றல்’ என்பதில் இடம். இப்பெயரில் எது?

ஏட்டுச்சுவடி எழுதியது:

இக்கேள்விக்கு ஒரே பெயரை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தால் விடை கிடைக்காது. அதன் கூட்டாளிகளைப் பார்க்க வேண்டும். போலந்தில் ப்ஷெத்பூர் என்ற பழைய ஆண்பெயர் உண்டு, அதிலிருந்து பிறந்த ஊர்ப்பெயரும் உண்டு. ‘ப்ஷெத்’ என்பது நம் ‘பிரெத்’தின் போலந்து உருவம், பின்னுறுப்புக்குப் போர் என்பது பொருள். இதே முன்னுறுப்பு படை, வீரன் என்னும் சொற்களோடும் சேர்ந்து போலந்து, செக் ஆண்பெயர்களாக வழங்கியது. ‘போருக்கு முந்திய காலத்தவன்’ என்று யாரும் பிள்ளைக்குப் பெயர் வைக்கமாட்டார்கள். படையின் தலைப்பில், முன்னணியில் நிற்பவன் என்பதே பொருந்தும். அந்த வரிசையில் வைத்துப் பார்த்தால் இப்பெயரிலுள்ள ‘முன்’ இடத்தையே குறிக்கிறது, ‘புகழில் முன்னிற்பவள்’ என்பது நெருங்கிய உரை. செர்பியாவிலும் உறவுப் பெயர் உண்டு: 1263 முதல் 1271 வரை அங்கே பேராயராக இருந்த இரண்டாம் சாவாவின் இல்லறப் பெயர் பிரெதிஸ்லாவ்.

ஆனாலும் இதையும் ஓர் எல்லைக்கு மேல் இழுக்க வேண்டாம் என்பது என் கருத்து. ஈருறுப்புப் பெயர்களை ஆளும் குடும்பங்கள் வாக்கியம்போல எண்ணி அமைத்ததைவிட, குடும்பத்தின் உறுப்பை அடுத்த தலைமுறைக்குக் கடத்தும் கருவியாகவே கையாண்டன. விளாதிமிரின் தந்தை ஸ்வியாத்தொஸ்லாவ். விளாதிமிரின் பிள்ளைகள் இஸியாஸ்லாவ், யாரொஸ்லாவ், மிஸ்திஸ்லாவ், விஷெஸ்லாவ், சுதிஸ்லாவ், மகள் பிரெத்ஸ்லாவா. பெயரின் பின்பாதி பாட்டனுடையது, முன்பாதி குடும்பத்தில் ஏற்கெனவே இருந்த பெண்ணுடையது. பாட்டன் பெயரைத் தாங்குவதாலேயே பேரனைப் ‘பெயரன்’ என்ற நம்மவர்க்கு இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை. தொட்டிலிட்ட நாளில் அந்தக் குடும்பத்தார் காதில் விழுந்தது ‘இவள் நம்மவள்’ என்பதுதான், அகராதிப் பொருள் அதற்குப் பின்னால் எங்கோ நின்றிருக்கும்.

பொலத்ஸ்க்கின் பிரெத்ஸ்லாவாவும் அப்படியே. ரக்னேதாவின் மகன் இஸியாஸ்லாவிலிருந்து கிளைத்தது பொலத்ஸ்க் குடி. அவர் மகன் பிரியாச்சிஸ்லாவ், அவர் மகன் ‘சூனியக்காரர்’ எனப் பெயர்பெற்ற வ்செஸ்லாவ், அவர் மகன் ஸ்வியாத்தொஸ்லாவ், அவர் மகள் உங்கள் புனிதர். 1015இல் செய்தி அனுப்பியவள் அவருக்குப் பூட்டனின் உடன்பிறந்தாள் ஆகிறாள்.

வைகறை எழுதியது:

அப்படிப் பார்த்துப் பார்த்து வைத்த பெயரை அவர் பன்னிரண்டு வயதில் விட்டுவிட்டார் என்பதுதான் இப்போது என்னை நிறுத்துகிறது. அவர் வாழ்க்கை வரலாற்றை ருஷ்ய மொழியில் நேற்று மீண்டும் படித்தேன். திருமணப் பேச்சு எழுந்தபோது அச்சிறுமி தனக்குள் சொல்லிக்கொள்வதாக ஒரு பகுதி வருகிறது: நமக்கு முன் வந்த நம் குலத்தார் என்ன கண்டார்கள், மணந்தார்கள், மணக்கப்பட்டார்கள், ஆண்டார்கள், நிலைக்கவில்லை, அவர்கள் புகழ் தூசியாய், சிலந்தி வலையினும் நொய்யதாய் அழிந்தது. ‘புகழ்’ என்ற இடத்தில் மூலத்தில் இருக்கும் சொல் ‘ஸ்லாவா’. ‘நமக்கு முன்’ என்ற இடத்திலும் அதே ‘பிரெத்’ வேரின் உறவுச்சொல்தான். எழுதியவர் அறிந்தே செய்தாரோ என்னவோ, தன் பெயரின் இரண்டு துண்டுகளையும் எடுத்துத் தள்ளிவைத்துவிட்டுத்தான் அச்சிறுமி அத்தையின் மடத்துக்குப் போகிறாள். அங்கே கிடைத்த எஃப்ரொசீனியா என்ற கிரேக்கப் பெயருக்குப் பொருள் ‘மகிழ்ச்சி’.

அவரோடு நிற்கவும் இல்லை. தங்கை கொரதிஸ்லாவா யெவ்தக்கியா ஆனாள், தந்தையின் உடன்பிறந்தார் மகள் ஸ்வெனிஸ்லாவா யெவ்பிராக்ஸியா ஆனாள். ஒரே வீட்டில் மூன்று ‘ஸ்லாவா’க்கள் மடத்து வாசலில் நின்றுபோயின. பெயர் அரிதானதற்கு இதுதான் காரணமா?

ஏட்டுச்சுவடி எழுதியது:

அருமையாகப் பிடித்திருக்கிறீர்கள், அம்மா. பெயரின் விதியை முடித்தது பெரும்பாலும் அதுதான், ஆனால் ஒரு திருப்பத்தோடு. எஃப்ரொசீனியா 1161இல் கைவினைஞர் ஒருவரைக் கொண்டு செய்வித்த சிலுவையை நினைத்துப் பாருங்கள். பொன்னும் வெள்ளியும் மணியும் முத்தும் நூறு கிரீவ்னா (அக்காலப் பண அளவு), வேலைப்பாடு நாற்பது கிரீவ்னா என்று அதன் பக்கவாட்டில் கணக்கே பொறித்திருந்தது. செய்தவர் தம் பெயரைப் பின்புறத்தின் கீழ்ப்பகுதியில் ‘போக்ஷா என அழைக்கப்படும் லாசர்’ என்று பொறித்தார். லாசர் திருமுழுக்குப் பெயர், போக்ஷா ஊர் அழைக்கும் ஸ்லாவியப் பெயர். அன்று ஒருவருக்கு இரண்டு பெயர்கள் இருப்பது இயல்பு, இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வாழ்ந்தன. மூலச் சிலுவை 1941இல் மகிலியோவில் காணாமற்போயிற்று. இன்று மடத்தில் இருப்பது பிரெஸ்த் நகரக் கைவினைஞர் குஸ்மிச் 1997இல் முடித்த மறு உருவாக்கம்.

பின்னர் திருமுழுக்குக்குத் திருச்சபை நாள்காட்டியிலுள்ள பெயரே வேண்டும் என்ற வழக்கம் இறுகியபோது, எந்தப் பெயர் புனிதரோடு நாள்காட்டிக்குள் நுழைந்ததோ அது பிழைத்தது. ஓல்கா திருமுழுக்கில் எலேனா, விளாதிமிர் திருமுழுக்கில் வசீலி. ஆனால் இருவரையும் மக்கள் அறிந்த பழைய பெயராலேயே திருச்சபை கொண்டாடியது. ஆகவே உலகெங்கும் இன்று ஓல்காக்கள் இருக்கிறார்கள். பொலத்ஸ்க்கின் இளவரசி புனிதரானபோது அவரோடு உள்ளே போனது துறவுப் பெயர். பிரெத்ஸ்லாவா வெளியே நின்றுவிட்டாள். இன்று பழைய பெயர்களைத் தேடிப்போகும் மிகச் சில பெற்றோர் வைத்தால்தான் உண்டு.

மணல்மேடு எழுதியது:

ஒரு சிறு திருத்தம். ஏட்டுச்சுவடி ஐயா, உங்கள் கணக்கை எண்ணிப் பார்த்தேன். புனிதருக்குத் தந்தை ஸ்வியாத்தொஸ்லாவ், பாட்டன் வ்செஸ்லாவ், பூட்டன் பிரியாச்சிஸ்லாவ், ஓட்டன் இஸியாஸ்லாவ். 1015ஆம் ஆண்டுப் பிரெத்ஸ்லாவா ஓட்டனின் உடன்பிறந்தாள். பூட்டனுக்கு அவள் அத்தை.

ஏட்டுச்சுவடி எழுதியது:

உண்மைதான், ஒரு தலைமுறையை விழுங்கிவிட்டேன். ஓட்டன் என்றே கொள்க. வைகறை அவர்கள் கட்டுரையில் எழுதும்போது இன்னொன்றையும் கவனிக்கலாம்: பெலாரூஸ் மொழியில் அழுத்தம் பெறாத எகரம் அகரமாகிப் பெயர் ‘பிரத்ஸ்லாவா’ என்று எழுதப்படும். அவ்வூர்ப் பலகைகளில் நீங்கள் கண்டது அவ்வடிவமாக இருந்தால் அது எழுத்துப் பிழை அன்று.

வைகறை எழுதியது:

என் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒன்றில் பலகையின் ஓரம் விழுந்திருக்கிறது, அதில் ‘பிரத்’ வரைக்கும் தெரிகிறது. மிச்சம் படச்சட்டத்துக்கு வெளியே போய்விட்டது.